ஊரைப் படமெடுக்க: 35 மி.மீ. லென்ஸா, 70–200 ஜூமா?

கிருஷ்ணகிரி நகரத்தின் ஒழுங்கையும் ஒழுங்கின்மையையும் பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து படமெடுக்க வேண்டும் என்று முடிவு செய்தபோது, கையிலிருந்த பணத்துக்கு ஒரு நல்ல லென்ஸ்தான் வாங்க முடிந்தது. ஃபுல் ஃபிரேம் (பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவே சென்சார் உள்ள) கேமராவுக்கான 35 மி.மீ. பிரைம், அதாவது பார்வைக் கோணம் மாறாத லென்ஸ், வளையத்தைத் திருப்பிக் கோணத்தை மாற்றக்கூடிய 70–200 மி.மீ. ஜூம் என்ற இரண்டில் நான் 35-ஐத் தேர்ந்தெடுத்தேன். இந்த மி.மீ. எண்தான் குவியத் தூரம்; அது கூடக்கூடப் படத்தில் விழும் பரப்பு குறுகும். ஜூமை நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கித்தான் பயன்படுத்தியிருக்கிறேன். எனவே இந்த அலசல் 35-இன் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

எடை, விலை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எஃப் 2.8 அளவுக்கு அகலமாகத் திறந்து நிறைய ஒளியை உள்ளே விடும் 70–200 ஜூம்களில் பல ஒன்றரைக் கிலோவை ஒட்டியவை. அதைச் சுமந்துகொண்டு கோட்டை மலையின் படிகளில் ஏறுவதற்குத் தனி மன உறுதி வேண்டும்.

ஏறிவிட்டால் ஜூம் காட்டும் காட்சி உண்மையிலேயே அழகானது. 200-இல் கிடைமட்டமாக ஏறத்தாழ 10 பாகை மட்டுமே படத்தில் விழும். அந்தச் சிறு செவ்வகத்துக்குள் மொட்டைமாடிகள், கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், தகர ஷீட்டுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதுபோல் நெருங்கி நிற்கும். தெருவில் நடக்கும்போது குழப்பமாகத் தெரிந்த பேட்டை, மேலிருந்து நெய்து வைத்த பாய்போல் தெரியும். இந்த நெருக்கத்தை உண்டாக்குவது நாம் நிற்கும் தூரம். லென்ஸ் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுக்கிறது, அவ்வளவுதான். எதை வெட்டுவது என்பது முழுக்க நம் கையில் இருப்பதால், எந்த ஊரையும் ஒழுங்கான ஊராகவோ அலங்கோலமான ஊராகவோ காட்டிவிட முடிகிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. வெயில் ஏறிய பிறகு சூடான கான்கிரீட்டின் மேல் காற்று அலைவதால், தொலைவிலுள்ள கோடுகள் எவ்வளவு நல்ல லென்ஸிலும் கூர்மையாக விழுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

35-இன் கணக்கு எளிமையானது. எத்தனை அடி தள்ளி நிற்கிறோமோ, ஏறக்குறைய அத்தனை அடி அகலம் படத்தில் விழும். பழையபேட்டைப் பக்கத்தில் இருபது அடி தள்ளி நின்றால் பத்தடிக் கடைகள் இரண்டு முழுமையாகக் கிடைக்கும். அதே அகலத்தை 200-இல் பெற நூறடிக்கு மேல் பின்னால் போக வேண்டும், அந்தத் தெருக்களில் அதற்கு இடமே இல்லை. ஜூமை 70-க்குக் குறைத்தாலும் ஏறத்தாழ நாற்பது அடி தேவைப்படும். அந்த இருபது அடிக்குள் சாக்கடை மூடி, ஷட்டர், சன்ஷேடில் கட்டிய பிளக்ஸ், மின்கம்பத்தில் சுருட்டி விடப்பட்ட கேபிள் வயர் என எல்லாம் சேர்ந்தே வந்துவிடுகின்றன. பிடிக்காததை ஒதுக்க வழியில்லை.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது இவற்றில் எதுவும் இல்லை. அதே படத்தை மறுபடியும் எடுக்க முடிய வேண்டும் என்ற ஒரே தேவைதான். ஒரு தெரு சீர்பட்டதா, சீர்கெட்டதா என்று ஒற்றைப் படம் சொல்லாது. ஓட்டு வீடு இருந்த இடத்தில் கண்ணாடி முகப்பு எழும்புவதையும், சாலை உயர்ந்து திண்ணை தாழ்வதையும் காட்ட, ஆண்டுகள் கழித்தும் அதே புள்ளியில் நிற்க வேண்டும். அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பழைய படத்தில் அருகிலுள்ள மின்கம்பத்தின் விளிம்பு பின்னாலிருக்கும் எந்த ஜன்னலைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். இப்போது கம்பம் ஜன்னலுக்கு இடப்புறம் விலகித் தெரிந்தால், அவை மறுபடி தொடும்வரை நாம் இடப்புறம் நகர வேண்டும். இதேபோல் இன்னொரு ஜோடியும் பொருந்திவிட்டால் இடம் உறுதி. ஜூமில் இடம் பொருந்தினாலும் குவியத் தூரத்தை மறுபடி பொருத்த வேண்டும். படக் கோப்பில் பதிவாகும் குவியத் தூர எண் துணை செய்யும் என்றாலும், வளையத்தை அதே எண்ணில் நிறுத்துவது பொறுமையைச் சோதிக்கும். 35-இல் கால்கள் சரியான இடத்துக்கு வந்தால் வேலை முடிந்தது. மலையுச்சியிலிருந்து எடுக்கும்போது ஓரடி தவறினாலும் படம் அவ்வளவாக மாறாது என்பது ஜூமுக்குச் சாதகமான உண்மை.

35-இன் பெரிய குறை உயரம். இருபது அடி தூரத்தில் கேமராவைச் சமமாகப் பிடித்தால் தரையிலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு அடி உயரம்தான் விழும். மேலே சாய்த்தால் கட்டடங்கள் பின்னோக்கிச் சரிகின்றன. மென்பொருளில் நிமிர்த்தினால் ஓரங்கள் போய்விடும். எதிர்க்கடையின் மாடியில் நிற்க அனுமதி கேட்பதே நல்லது. 1959 முதல் ஜெர்மனியின் தண்ணீர்க் கோபுரங்களையும் உலைகளையும் படமெடுத்த ஜெர்மானியப் புகைப்படக் கலைஞர்களான பெர்ண்ட், ஹில்லா பெக்கர் தம்பதியரும், மேகம் மூடிய வானத்தின் கீழ், முடிந்தவரை உயர்ந்த இடத்திலிருந்து நேர்முகமாகவே எடுத்தார்கள். நம் பக்கத்து மேல்நிலைத் தொட்டிகளுக்கும் அந்த முறை அப்படியே பொருந்தும். வெற்று வானம் நிறைய உள்ள அத்தகைய இடங்களில் ஜூமும் தாராளமாக உதவும்.

இரவுக் காட்சிகளில் எனக்குப் பழக்கம் குறைவு என்பதால் அந்த ஒப்பீட்டுக்குள் நான் போகவில்லை. கேமராவோடு வந்த 18–55 லென்ஸ் மட்டுமே வைத்திருப்பவர்கள் உடனே எதையும் வாங்க வேண்டாம். ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவில் வளையத்தை 23-ஐ ஒட்டி நிறுத்தி, நகராதபடி ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டால், 35-இன் பார்வை கிடைத்துவிடும். ஒரு மாம்பழப் பருவம் முழுக்க அதே தெருவில் அப்படி எடுத்துப் பார்த்த பிறகு செலவைப் பற்றி யோசிக்கலாம்.