கடைப் பெயர் போட்ட கடனட்டை: ஆறு வருஷம் போனிலேயே கணக்குப் பார்த்த அனுபவம்

2019 ஆடியில் யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிக்கு பிறிட்ஜ் வாங்கப் போன இடத்தில்தான் இந்தக் காட் என் கைக்கு வந்தது. பிறிட்ஜின் விலை 96,000 ரூபா. சீட்டுக் காசு கிடைக்க இன்னும் நாலு மாதம் இருந்தது. "அக்கா, எங்கட காட் எடுத்தீங்களெண்டால் 24 மாதம் வட்டியில்லாமல் கட்டலாம், மாதம் நாலாயிரம்தான்" என்று கடைப் பொடியன் சொன்னான். சம்பளச் சிட்டை, அடையாள அட்டைப் பிரதி, மின்சார பில் எல்லாம் கொடுத்து, மூன்றாம் கிழமை காட் வந்தது. முன்பக்கம் கடையின் பெயர் பெரிதாக, மூலையில் வங்கியின் பெயர் சின்னதாக.

அந்தச் சின்ன எழுத்துத்தான் முக்கியம் என்று விளங்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. கணக்கில் ஏதும் பிழை வந்தால் கடைக்குத்தான் போய் நிற்பேன். அவர்களும் மரியாதையாக இருத்தி, தேத்தண்ணி தந்து, "அது எங்கட கையில இல்லை அக்கா, பாங்க்கில கேளுங்கோ" என்பார்கள். கடன் தருவது வங்கி. வட்டி போடுவது, கணக்குக் கூற்று அனுப்புவது, செயலி நடத்துவது எல்லாம் வங்கி. கடை தருவது கழிவும் புள்ளியும் மட்டும்.

செயலியில் பதிவது சுலபம். காட் இலக்கம், அடையாள அட்டை இலக்கம், போனுக்கு வரும் ஓரிபி (ஒருமுறை மட்டும் பாவிக்கிற இரகசிய இலக்கம்), அவ்வளவுதான். ஆனால் எல்லாமே அந்த ஒரு போன் இலக்கத்தில் தொங்குகிறது. நான் சிம் மாற்றிய மாதம் கணக்குக்குள் போகவே முடியவில்லை. கிளைக்கு நேரில் போய்ப் படிவம் நிரப்பித்தான் புது இலக்கம் போட வேண்டியிருந்தது. சிம் மாற்றுகிறவர்கள் பழையதைக் கைவிட முன்னம் வங்கிக்குப் போங்கோ.

பிறிட்ஜ் தவணை 24 மாதமும் ஒரு பிசகில்லாமல் ஓடியது. ஆனால் வாங்கின அன்றே 96,000 ரூபாவும் என் கடன் எல்லைக்குள் அடைபட்டு, மாதம் நாலாயிரமாகத்தான் விடுபட்டது. எல்லை ஒன்றரை இலட்சம் என்று நம்பி அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்குக் காட்டை நீட்டியபோது போதவில்லை. செயலியில் 'எல்லை', 'பாவிக்கக்கூடியது' என்று இரண்டு தொகை இருக்கும். இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும்.

இனி 2022. அந்த வருஷத்தை யாழ்ப்பாணத்தில் யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலக் கறண்ட் வெட்டு வந்தது, கறண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் சிக்னலும் போய்விடும். கடனட்டை வட்டிக்கு மத்திய வங்கி 20 வீதம் என்று போட்டிருந்த உச்ச வரம்பு சித்திரையில் எடுபட்டது. என்னுடைய காட்டில் வட்டி படிப்படியாக ஏறி அந்த வருஷமே 36 வீதத்துக்கு வந்தது. வீதம் மாறியதை வங்கி அறிவித்ததுதான், ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தியாக. மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கும்போது வந்த செய்தியை நான் ஆறுதலாக வாசிக்கவில்லை.

அப்படியொரு இரவில், சிக்னல் ஒரு கோட்டில் நிற்க, 47,300 ரூபாவைக் கட்டப் போனேன். கட்டும் பக்கத்தில் மூன்று தெரிவு இருக்கும்: ஆகக் குறைந்த கொடுப்பனவு, முழு நிலுவை, வேறு தொகை. முதலாவது ஏற்கெனவே தெரிவுசெய்யப்பட்டிருக்கும். பக்கம் இரண்டு தரம் அறுந்து திரும்பத் திறந்ததில், நான் மாற்றி வைத்த தெரிவு பழையபடி முதலாவதுக்குப் போயிருந்திருக்கிறது. 'வெற்றி' என்று பச்சையில் வந்ததும் போனை வைத்துவிட்டேன். கட்டுப்பட்டது 2,365 ரூபா, ஐந்து வீதம்.

அடுத்த கூற்றில் வட்டி 1,800 சொச்சம். மிச்சமாக நின்ற தொகைக்கு மட்டும்தான் வட்டி என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. முழு நிலுவையையும் கட்டாவிட்டால் வட்டியில்லாக் காலமே இல்லாமல் போய்விடும். ஒவ்வொரு சாமானுக்கும் அதை வாங்கின நாளிலிருந்தே வட்டி கணக்காகும், அந்த மாதம் புதிதாக வாங்குகிற சீனிக்கும் பால்மாவுக்கும்கூட முதல் நாளிலிருந்து ஓடும். 36 வீதம் என்றால் மாதம் மூன்று வீதம். ஒரு இலட்சம் நிலுவையில் நின்றால் மாத வட்டி மட்டும் 3,000. ஆகக் குறைந்த கொடுப்பனவாக 5,000 கட்டினால் கடனில் குறைவது 2,000 தான். இந்தக் கணக்கைச் செயலியில் எந்தப் பக்கத்திலும் நான் காணவில்லை. கொப்பியில் நானே போட்டுப் பார்த்துத்தான் விளங்கியது, அன்றைக்கு நித்திரையும் வரவில்லை. மாதாமாதம் அந்த முதலாவது தெரிவையே அமத்துகிற எத்தனை பேர் எங்கட ஊரில் இருப்பார்கள்!

அமெரிக்காவில் இருக்கும் தங்கச்சியிடம் இதைச் சொன்னேன். அங்கேயும் கடைக் காட்டுகளுக்குப் பின்னால் வங்கிதான் நிற்கிறதாம், பல காட்டுகள் அந்தக் கடையில் மட்டும்தான் செல்லும். 12 மாதத்துக்கு வட்டியில்லை என்று தருகிற சில திட்டங்களில், கடைசி நாளில் கொஞ்சக் காசு மிச்சம் நின்றாலும் வாங்கின நாளிலிருந்து முழுத் தொகைக்கும் வட்டி போட்டுவிடுவார்களாம். எங்கட தவணைத் திட்டம் அந்த விதத்தில் நல்லது, மாதத் தவணை நிச்சயமாகத் தெரியும். ஆனால் இடையில் காட்டை மூடினால் மிச்சத் தவணை முழுவதும் ஒரேயடியாகக் கட்ட வேண்டிவரும்.

திகதி விஷயம் ஒன்று. வேறு வங்கியிலிருந்து அனுப்பும் காசு கணக்கிலிருந்து உடனே கழியும், ஆனால் என் காட்டில் அது வரவாக ஒரு வேலை நாள் எடுக்கும். ஒரு வெசாக்குக்கு வெள்ளி இரவு அனுப்பி, கடைசித் திகதி ஞாயிறாக இருந்து, திங்களும் விடுமுறையாகி, செவ்வாய்தான் ஏறியது. தாமதக் கட்டணம் விழுந்துவிட்டது. வாடிக்கையாளர் இலக்கத்துக்கு எடுத்து, அனுப்பின நேரத்தைக் காட்டும் படத்தையும் அனுப்பினேன், திருப்பிப் போட்டார்கள். அதற்குப் பிறகு கடைசித் திகதிக்கு ஐந்து நாள் முன்னம் கட்டிவிடுவேன். போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை வந்தால் ஒரு கிழமை முன்னம்.

திருப்பிக் கொடுத்த சாமானின் காசும் கட்டினதாகக் கணக்கில் எடுபடாது. நெளிந்து வந்த வோஷிங் மெஷினைக் கடை மறு பேச்சில்லாமல் எடுத்து, காசைக் காட்டுக்கே போட்டது. நிலுவை குறைந்துவிட்டதே என்று அந்த மாதம் நான் ஒன்றும் கட்டவில்லை. தவறிய கொடுப்பனவு என்று பதிவாகிவிட்டது. இப்படியான பதிவுகள் கிறிப்புக்கு, அதாவது கொடுகடன் தகவல் பணியகத்துக்குப் போகும். பிறகு வீட்டுக் கடனுக்கோ லீசிங்குக்கோ போனால் அங்கே அதைத்தான் பார்ப்பார்கள். உங்கட அறிக்கையை நீங்களே கேட்டு எடுக்கலாம். நான் எடுத்துப் பார்த்தேன், எல்லோரும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

செயலியில் எனக்கு மிகவும் பிடித்தது காட்டைத் தற்காலிகமாகப் பூட்டும் பொத்தான். தபாலில் பொதி வந்திருக்கிறது, சின்னத் தொகை கட்டச் சொல்லி வந்த செய்தியை நம்பி அம்மா என் காட் இலக்கத்தைக் கொடுத்துவிட்டா. "பிள்ளை, ஏதோ நம்பர் வந்திருக்கு, கேக்கினம்" என்று அம்மா கூப்பிட்டபோதுதான் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஓரிபி கொடுபடவில்லை. அந்த நிமிஷமே பூட்டி, அடுத்த நாள் புதுக் காட்டுக்கு எழுதிக் கொடுத்தேன். ஒரு சதமும் போகவில்லை. அந்த ஒரு பொத்தானுக்காகவே நான் செயலியை நிறுவச் சொல்வேன்.

மொழிதான் என் பெரிய மனக்குறை. முகப்பில் தமிழ் இருக்கிறது. இரண்டாம் பக்கத்திலிருந்து ஆங்கிலம். கூற்று ஆங்கிலம், குறுஞ்செய்தி ஆங்கிலம், நிபந்தனைகள் ஆங்கிலம். கிளையில் கேட்டேன், எழுத்திலும் கொடுத்தேன். பதில் திருப்தியில்லாவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம், நானும் அதற்கு ஆயத்தமாகத்தான் இருக்கிறேன். 'ஆகக் குறைந்தது' மேலே நிற்பதை மாற்றி 'முழு நிலுவை'யை மேலே போடுங்கோ, அதைத் தமிழில் போடுங்கோ. இரண்டே கோரிக்கை.

காட்டை நான் மூடவில்லை. நேரத்துக்கு முழுதாகக் கட்டினால் வட்டியே இல்லாத கடன் இது, அவசரத்துக்கு நகையை அடைவு வைக்க ஓடாமல் பல தடவை காப்பாற்றியிருக்கிறது. பக்கத்து வீட்டு மாமியும் போன வருஷம் அதே கடையில் காட் எடுத்தவ. ஒவ்வொரு மாதமும் செய்தி வந்ததும் போனைத் தூக்கிக்கொண்டு படலைக்கு வருவா. நான் வாசித்து, அவவின் குசினிக் கலண்டரில் திகதிக்குக் கீழே தமிழில் எழுதிவிடுவேன்: முழுக் காசு, 8,640, பதினெட்டுக்கு முன்னம்.