மறைப்பதும் காட்டுவதும்: அண்மையில் பார்த்த பத்துப் படங்கள், ஐந்து இணைகள்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சினிமா பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. ஒரு பக்கம் பேருந்து ஏறினால் பாலக்காடு, மறுபக்கம் ஏறினால் பொள்ளாச்சி. எந்தத் தியேட்டருக்குப் போனாலும், வீட்டில் ஓடிடியில் எதைப் போட்டாலும், திரையின் அடியில் ஓடும் எழுத்துகளை வாசிக்காமலேயே இரண்டு மொழிப் படங்களையும் எங்களால் பின்தொடர முடிகிறது. இந்த வசதியோடு கூடவே ஓயாத ஒரு வழக்கும் இருக்கிறது: கதை என்றால் மலையாளம்தான் என்று ஒரு கட்சி, மனதைத் தொடுவது தமிழ்ப் படம்தான் என்று இன்னொரு கட்சி. மொழியை வைத்துத் தீர்ப்பு எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அண்மையில் பார்த்தவற்றையும் மறுபடி பார்த்தவற்றையும் வகைக்கு இரண்டாக எதிரெதிரே வைத்துப் பார்த்தபோது, எனக்குப் பயன்பட்ட அளவுகோல் வேறாக இருந்தது. ஒரு படம் நம்மிடமிருந்து எதை மறைக்கிறது, அப்படி மறைப்பதற்குக் கதைக்குள்ளேயே நியாயம் இருக்கிறதா என்பதே அந்த அளவுகோல். இன்னும் பார்க்காதவர்களை எண்ணி, முடிவுகளை உடைக்காமல் எழுத முயன்றிருக்கிறேன்.

முதல் இணை, மர்மக் கதைகள். நித்திலன் சாமிநாதன் இயக்கிய ‘மகாராஜா’வும் தின்ஜித் அய்யத்தான் இயக்கிய ‘கிஷ்கிந்தா காண்ட’மும் 2024இல் மூன்று மாத இடைவெளியில் வெளிவந்தவை. முன்னதில் விஜய் சேதுபதி ஒரு முடிதிருத்துபவர். ‘லட்சுமி’யைக் காணவில்லை என்று காவல் நிலையத்துக்கு வருகிறார், அந்த லட்சுமி ஒரு குப்பைத்தொட்டி என்று தெரிந்ததும் காவலர்கள் விரட்டுகிறார்கள், அவரோ அடி வாங்கிக்கொண்டும் அங்கிருந்து நகராமல், அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர்களுக்கு லட்சக்கணக்கில் பணம் தருவதாகச் சொல்கிறார். அந்த முகத்தில் விஜய் சேதுபதி வைத்திருக்கும் மரத்துப்போன பிடிவாதம் அவருடைய ஐம்பதாவது படத்துக்குப் பெருமை சேர்ப்பது. நடந்த காலம் மாறி மாறி வருகிறது என்பதைப் படம் எழுத்திலோ குரலிலோ அறிவிப்பதில்லை. பல ஆண்டுகளுக்கு முந்தைய காட்சியும் இன்றைய காட்சியும் அருகருகே வந்து உட்கார்ந்துகொள்ள, நாமாக இரண்டையும் பிரித்துக்கொள்ளும் கணத்தில் தியேட்டரே ஒரு முறை மூச்சை இழுத்துக்கொள்கிறது.

அந்த வித்தையின் திறமையை நான் குறைக்கவில்லை. ஆனால், அங்கே மறைக்கப்படும் உண்மை மகாராஜாவுக்குத் தெரியும். அவருடைய மகளுக்கும் தெரியும். பார்க்கும் நமக்கு மட்டுமே தெரியாது. கதைமாந்தர்கள் ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கும் ஒரு கொடிய வேதனையை நமக்கான அதிர்ச்சியாகக் கடைசி வரை பூட்டி வைக்கும்போது, ஒரு சிறுமியின் துயரம் திரைக்கதையின் திருப்பமாகச் சுருங்கிவிடுகிறது. இரண்டாம் முறை பார்த்தபோது முடிச்சுகள் சரியாகப் போடப்பட்டிருப்பதை வியந்தேன். அந்தப் பெண்ணைப் பற்றிப் படம் எனக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை.

‘கிஷ்கிந்தா காண்ட’த்திலோ மறைப்பு, கதைமாந்தர் ஒருவரின் நோயாகவே இருக்கிறது. காட்டை ஒட்டிய ஒரு பழைய வீடு. ஓய்வுபெற்ற ராணுவக்காரர் அப்பு பிள்ளை, வனத்துறையில் வேலை பார்க்கும் மகன் அஜயன், அவன் புதிதாக மணம் முடித்து அழைத்து வந்த மனைவி அபர்ணா. தேர்தல் வருவதால் உரிமம் பெற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும்; பெரியவரின் துப்பாக்கி காணவில்லை. துப்பாக்கி காணாமல் போனது வெளிப்படத் தேர்தல் விதியைக் காரணமாக்கியிருப்பதே, கதாசிரியர் பாகுல் ரமேஷ் எவ்வளவு யோசித்திருக்கிறார் என்பதைக் காட்டும். பெரியவருக்கு நினைவு நழுவுகிறது. அது வெளியே தெரியக்கூடாது என்று கடுமையான முகத்தை அணிந்துகொள்கிறார். தான் துப்பறிந்ததைத் தாளில் குறித்து வைக்கிறார், பிறகு தாள்களை எரிக்கிறார். விஜயராகவன் அந்தத் தாள்களை நெருப்பில் இடும் காட்சியை முதலில் பார்க்கும்போது குற்றவாளி ஒருவர் தடயத்தை அழிப்பதாகத் தோன்றும். எல்லாம் தெரிந்த பிறகு நினைத்துப் பார்த்தால், அதே காட்சி தாங்க முடியாததாக ஆகிவிடுகிறது. அஜயனாக வரும் ஆசிஃப் அலியின் அளந்து பேசும் நடிப்புக்கும் அப்போதுதான் பொருள் புரிகிறது. இங்கே நமக்குத் தெரியாதது, அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த அபர்ணாவுக்கும் தெரியாது. அவளோடு சேர்ந்து நாமும் அறிகிறோம். அதனால் இந்த இணையில் என் வாக்கு ‘கிஷ்கிந்தா காண்ட’த்துக்கே.

இரண்டாவது இணையை ‘திரும்பி வருதல்’ என்ற ஒரே வகையில் அடைக்கலாம் என்றாலும், எல்லையோரத்துக்காரர்களுக்கு அது வெறும் வகை அல்ல. பிரேம்குமாரின் ‘மெய்யழகன்’, லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ ஆகிய இரண்டிலும் ஒரு மனிதன் தன்னுடையதல்லாத ஊரில், அல்லது தன்னுடையதாக இல்லாமல் போய்விட்ட ஊரில், ஒரு பொழுதைக் கழிக்கிறான். தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன அருள்மொழி, தங்கையின் திருமணத்துக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் நீடாமங்கலத்துக்கு வருகிறான். “அத்தான், அத்தான்” என்று அவனையே சுற்றிவந்து உபசரிக்கும் உறவுக்காரனின் பெயர் அவனுக்கு நினைவில்லை. அதைக் கேட்கவும் கூச்சம். இந்தப் படம் அருள்மொழியிடம் மறைக்கும் ஒரே செய்தி அந்தப் பெயர்தான். அதையும் சுவரொட்டியிலேயே எழுதி நமக்கு முதலிலேயே கொடுத்துவிடுகிறது! ஆகவே நாம் காத்திருப்பது பெயருக்காக அல்ல; அதைச் சொல்லும் தகுதி அருள்மொழிக்கு எப்போது வரும் என்பதற்காக.

கைவிட்டுப்போன ஒரு பழைய மிதிவண்டி இன்னொரு குடும்பத்தின் வாழ்க்கையைத் தூக்கி நிறுத்திய செய்தியைக் கார்த்தி சொல்லும் இடத்தில், அரவிந்த் சாமியின் முகத்தில் நன்றியை ஏற்கத் தெரியாத ஒருவனின் திகைப்பு வருகிறது. அண்மையில் நான் தமிழில் பார்த்த மிக நுட்பமான நடிப்பு அது. நீளம் அதிகம் என்ற குறை வந்து, வெளியான சில நாள்களிலேயே ஏறத்தாழ 18 நிமிடங்களை வெட்டினார்கள். இரவுப் பேச்சில் வரலாற்றுப் பகுதி நீள்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் இரண்டு உறவுக்காரர்கள் விடியும்வரை பேசுவதே கதை என்று ஆனபிறகு, கடிகாரம் பார்த்து வெட்டுவது அதன் இயல்புக்குப் பொருந்தாது.

‘நண்பகல் நேரத்து மயக்கம்’ எங்களுக்கு நெருக்கமான படம். வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பும் மலையாளிகளின் பேருந்து. அதில் நாடகக் குழு நடத்தும் ஜேம்ஸ், தமிழ்நாட்டுச் சாப்பாட்டில் மனம் ஒட்டாதவர். மதிய உறக்கத்திலிருந்து எழுந்து வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, வயல்களுக்கு நடுவே நடந்து, ஒரு தமிழ்க் கிராமத்து வீட்டுக்குள் அந்த வீட்டுக்காரன் சுந்தரமாகவே நுழைந்துவிடுகிறார். சுந்தரம் காணாமல் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பார்வையற்ற தாய் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மற்றவர்கள் திகைத்து நிற்கும் வேளையிலும் அவளுக்கு வந்தவன் மகன்தான். தேனி ஈஸ்வரின் கேமரா அசையாமல் நிற்க, வீடுகளுக்குள்ளிருந்து பழைய தமிழ்ப் படங்களின் பாட்டும் வசனமும் கசிந்து வந்து பின்னணி இசையின் வேலையைச் செய்கின்றன. ஏன் இப்படி நடந்தது என்பதைப் படம் கடைசி வரை சொல்வதில்லை. மம்மூட்டியின் உடல் இரண்டு மனிதர்களாக நிற்பதைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறது. காரணம் சொல்லாததை ஏமாற்று என்று கருதும் நண்பர்கள் எனக்கு உண்டு. அந்த ஊர்க்காரர்களுக்கும் பேருந்தில் வந்தவர்களுக்கும் கிடைக்காத விளக்கத்தை நமக்கு மட்டும் தனியாகக் கொடுத்திருந்தால்தான் அது நேர்மைக் குறைவாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இரண்டையும் ஒரே வாரத்தில் பார்க்கலாம். ஆனால் ‘நண்பக’லை டப்பிங்கில் பார்க்க வேண்டாம். எல்லோரையும் ஒரே மொழி பேச வைத்தால் கதையே இல்லாமல் போகும். கட்டாயம் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், வீட்டுப் பெரியவர்களோடு பார்க்க ‘மெய்யழகன்’, தனியாக உட்கார்ந்து பார்க்க ‘நண்பகல்’ என்பேன். எனக்குள் நீண்ட நாள் தங்கியது பின்னதே.

மூன்றாவது, குடும்பத்துக்குள் சிக்கிய பெண்களின் கதைகள். பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யும் கிறிஸ்டோ டோமியின் ‘உள்ளொழுக்கு’ம் நேர் எதிரான இரு வழிகளில் போகின்றன. ‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசை கிடையாது, மீனாவாக வரும் அன்னா பென் ஏறக்குறைய பேசுவதே இல்லை. கேரளத்து நடிகை ஒருவரை மதுரைப் பக்கத்துப் பெண்ணாக ஏற்பதில் பேச்சுமொழி இடறும் என்று எதிர்பார்த்துப் போனவர்களுக்கு அந்த மௌனமே விடையாகிவிடுகிறது. ‘பேய் பிடித்திருக்கிறது’ என்று சொல்லி அவளைச் சாமியாடியிடம் அழைத்துப் போகும் ஆட்டோவும், கூட வரும் இருசக்கர வாகனங்களும், தொண்டை கட்டிக் கழுத்தில் சுண்ணாம்பு பூசிய பாண்டியாகச் சூரியும்தான் படம். நடுவழியில் ஒரு காளை மறித்துக்கொண்டு நிற்க, ஆண்கள் அத்தனை பேரும் செய்வதறியாமல் நிற்கிறார்கள். ஒரு சிறுமி வந்து அதை அழைத்துக்கொண்டு போகிறாள். வசனமின்றி இவ்வளவு சொல்ல முடிகிறவருக்கு வசனம் தேவையில்லை. மீனாவின் மனதையும் முடிவையும் படம் நம்மிடம் தராமல் வைத்துக்கொள்கிறது.

‘உள்ளொழுக்கு’ இரகசியத்தை முன்கூட்டியே நம் கையில் கொடுத்துவிடுகிறது. குட்டநாட்டில் வெள்ளம், இறந்த மகனை அடக்கம் செய்யத் தண்ணீர் வடியும்வரை காத்திருக்கும் வீடு, மாமியாரும் மருமகளும். மருமகள் எதை மறைக்கிறாள் என்று நமக்குத் தெரியும். மாமியாருக்கு எப்போது தெரியும், தெரிந்தபின் அவள் என்ன செய்வாள் என்பதே கேள்வி. அந்த மாமியாரும் ஒன்றை மறைத்தவள்தான் என்பது வெளிப்படும் இடத்திலிருந்து யார் பக்கமும் சாய முடியாமல் ஆகிறது. மாமியாராக வரும் ஊர்வசிக்கு 71ஆவது தேசிய விருதுகளில் சிறந்த துணை நடிகை விருதும், படத்துக்குச் சிறந்த மலையாளப் படத்துக்கான விருதும் கிடைத்தன. என்னோடு பார்த்த அத்தை, “இது நம்ம ‘முந்தானை முடிச்சு’ பொண்ணுதான?” என்று ஒருமுறை கேட்டதோடு சரி, படம் முடியும்வரை வேறு பேசவில்லை. 1983இல் அந்தப் படத்தில் துறுதுறுவென்று வந்தவர், மருமகளாக வரும் பார்வதியின் முன்னால் வெள்ளத்தைப் பார்த்தபடி ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் காட்சி, பல பக்க வசனத்துக்கு ஈடானது. இந்த இரண்டில் ஒன்றை மற்றதற்கு மேல் வைக்க என்னால் முடியவில்லை. ‘கொட்டுக்காளி’ பொறுமையைக் கேட்கும். அதைக் கொடுக்க மனமில்லாத மாலையில் ‘உள்ளொழுக்கு’ போதும்.

பேய்க் கதைகளில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. அஜய் ஞானமுத்துவின் ‘டிமான்ட்டி காலனி 2’, முதற்பாகத்தின் முடிவைத் திறமையாகப் பிடித்துக்கொண்டு தொடங்குகிறது. அருள்நிதி இரட்டை வேடத்தில் உழைத்திருக்கிறார். ஆனால் 2015இல் ஓர் அறைக்குள் நண்பர்களை அடைத்து வைத்து வரவழைத்த அச்சம், இரண்டாம் பாகத்தில் விதிகளை விளக்கும் பேச்சுகளில் கரைந்துபோகிறது. பயமுறுத்த வேண்டிய படம் எல்லாவற்றையும் காட்டிவிடக்கூடாது. ராகுல் சதாசிவனின் ‘பிரமயுகம்’ கறுப்பு வெள்ளையில், பாழடைந்த ஒரு மனையில், விரல்விட்டு எண்ணக்கூடிய மனிதர்களை வைத்தே அதைச் சாதிக்கிறது. பாணன் தேவன் தன் காலத்தையே பணயம் வைத்துப் பகடை ஆடும் காட்சியில் இரத்தமும் இல்லை, அலறலும் இல்லை. எதிரே மம்மூட்டியின் சிரிப்பு மட்டும் இருக்கிறது. அந்த மனைக்குள் உண்மையில் அதிகாரம் செலுத்துவது யார் என்பதை மறைத்து வைத்திருப்பதால், சாதியையும் அதிகாரத்தையும் பற்றி அது சொல்லும் செய்தி தனியாகத் துருத்திக்கொண்டு நிற்காமல் கதைக்குள்ளேயே கிடக்கிறது.

கடைசி இணையில் இரண்டுமே மலையாளம், இரண்டுமே உண்மைச் சம்பவத்தின் வழி வந்தவை, இரண்டின் முடிவும் படம் பார்க்கப் போகும் முன்பே ஊருக்குத் தெரியும். சிதம்பரம் இயக்கிய ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’, 2006இல் கொடைக்கானல் குணா குகையில் விழுந்த இளைஞரை நண்பர்கள் மீட்டதைச் சொல்வது. பிளெஸ்ஸியின் ‘ஆடுஜீவிதம்’, வேலை தேடி வளைகுடாவுக்குப் போய்ப் பாலைவனத்தில் ஆடு மேய்க்கும் அடிமையாகச் சிக்கிய நஜீபின் கதை; பென்யாமினின் 2008ஆம் ஆண்டு நாவலிலிருந்து எழுந்தது. நாவல் தமிழிலும் வந்திருக்கிறது. மறைக்க எதுவுமே இல்லாதபோது ஒரு படம் எதைக் கொண்டு நம்மைப் பிடித்து வைக்கும்? நஜீபாக வரும் பிருத்விராஜ் தன் உடலையே உருக்கி அந்தக் கேள்விக்குப் பதில் தருகிறார். பாலைவனத்தின் தாகத்தையும் ஊரின் ஆற்று நீரையும் எதிரெதிரே வைக்கும் தொடக்கப் பகுதி மறக்க முடியாதது. இருந்தும் நாவலில் நஜீபுக்கும் ஆடுகளுக்கும் இடையே வளரும் உறவு, திரையில் சில கணங்களோடு முடிந்துவிடுகிறது. தனிமையில் இருப்பவன் யாரோடு பேசினான் என்பது தெரியாமல் போவதால், துன்பம் வெளியிலிருந்து பார்க்கும் துன்பமாக நின்றுவிடுகிறது.

‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வேறு வகையில் விடை சொல்கிறது. நண்பர்கள் ஊரில் வடம் இழுக்கும் அணியினர் என்பதைத் தொடக்கத்திலேயே வேடிக்கை போலக் காட்டிவிட்டு, அதை நாம் மறந்துபோன பிறகு, விழுந்த சுபாஷும் அவனை மீட்க இறங்கிய குட்டனும் குழிக்குள்ளிருந்து மேலே வர வேண்டிய நேரத்தில் அதே கைகளில் அதே கயிற்றைக் கொடுக்கிறது. ‘குணா’வின் ‘கண்மணி அன்போடு’ பாட்டு அங்கே ஒலிக்கும்போது, தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் அந்த மலையாளப் படம் டப்பிங் இல்லாமலே கூட்டத்தோடு ஓடியதன் காரணம் புரியும். காவலர்களும் ஊர்க்காரர்களும் தமிழில் கேட்க, பையன்கள் பாதி புரிந்து பாதி புரியாமல் மலையாளத்தில் கெஞ்சும் காட்சிகளை, எங்கள் பக்கத்துப் பேருந்து நிலையங்களிலும் அரசு அலுவலகங்களிலும் நின்று இரு மொழிகளுக்கும் நடுவே பேசித் தீர்த்தவர்கள் இன்னும் கூர்மையாக உணர்வார்கள். ஆகவே இந்த இணையில் நான் முதலில் பரிந்துரைப்பது ‘மஞ்ஞும்மல் பாய்’ஸை, அதுவும் மூல ஒலியில். ‘ஆடுஜீவித’த்தை நாவலை வாசித்த பிறகு பார்க்கலாம், படம் விட்டுவிட்ட ஆடுகளின் பக்கங்களை வாசிப்பு நிரப்பிக் கொடுக்கும்.