குதிரைக்குட்டியின் குடல்நோயும் திருகோணமலையில் தொழுவம் தேடி வரும் கால்நடை வைத்தியரும்: ஒரு மதிப்பீடு

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி, குச்சவெளி வரையும், மறுபக்கம் கிண்ணியா, மூதூர் வரையும் தொழுவத்துக்கே வந்து பார்க்கும் தனியார் கால்நடை வைத்தியர் ஒருவரின் சேவையைப் பற்றி இதை எழுதுகிறேன். விளம்பரம் வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டதால் பெயரைக் குறிப்பிடவில்லை. இந்தப் பகுதிகளில் மாடு வைத்திருக்கும் எவரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் கிடைப்பது இங்கே கடினமல்ல. பால் மறந்த பருவத்துக் குதிரைக்குட்டிக்கு வரும் குடல்நோயை அறிந்து பார்க்கக்கூடியவர் கிடைப்பதுதான் கடினம். நிலாவெளியில் நாங்கள் வளர்க்கும் மட்டக்குதிரைகளில் ஆறு மாதக் குட்டியொன்று நோயுற்றபோது இவருடைய சேவையை முழுமையாகப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது.

குட்டி முதலில் தீனியைக் குறைத்தது, பிறகு மெலிந்தது, உரோமம் மினுக்கம் இழந்தது. சாணம் சற்று இளகியிருந்ததே தவிரப் பெரிய கழிச்சல் இல்லை. ஆனால் உடல் மெலிய மெலிய அடிவயிறு மட்டும் தொங்கியது. மருந்து விற்கும் ஓரிடத்தில் இதைப் புழுவென்று முடிவுகட்டிப் புழுமருந்தைத் தந்தார்கள். அதனால் பயனேதும் இல்லை. இந்த வைத்தியர் வந்ததும் செய்த முதல் வேலை, அடிவயிற்றின் நடுக்கோட்டில் பெருவிரலை அழுத்தி எடுத்ததுதான். விரல் பதிந்த குழி உடனே மேலெழவில்லை. தாடைக்குக் கீழும் அதே நீர்வீக்கம் இருந்தது. குட்டியின் வயதைக் கேட்டார், காய்ச்சல் பார்த்தார், கழுத்து நரம்பில் இரத்தம் எடுத்தார். சிறிய சுழலியில் இரத்தத்தைச் சுற்றி, மேலே தெளிந்து நின்ற மஞ்சள் நீரில் ஒரு துளியைக் கைக்கடக்கமான ஒளிமுறிவுமானியின் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். நீல நிறமும் வெள்ளை நிறமும் பிரியும் கோடு 4 கிராமுக்கும் கீழே நின்றது. இந்த வயதில் 100 மில்லிலீற்றருக்கு 5 கிராமுக்கு மேல் மொத்தப் புரதம் இருக்க வேண்டுமென்று அவர் விளக்கினார். இவ்வளவும் தொழுவ வாசலிலேயே நடந்து முடிந்தது. பின்னர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பிய மாதிரியில் இரத்தப் புரதங்களில் ஒன்றான அல்புமின் 2 கிராமுக்கும் குறைவென்று வந்து அவருடைய ஐயத்தை உறுதிசெய்தது.

அவர் ஐயுற்ற கிருமி லோசோனியா இன்ட்ராசெல்லுலாரிஸ். பன்றிகளின் குடல்நோய்க்குக் காரணமாக முதலில் அறியப்பட்டு, லோசன் என்னும் ஆய்வாளரின் பெயரால் 1995இல் பெயரிடப்பட்ட பக்டீரியா இது. பெரும்பாலும் நான்கு முதல் ஏழு மாதக் குட்டிகளை, பால் மறக்கும் காலத்தை ஒட்டித் தாக்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில் உள்ள கலங்களுக்கு உள்ளேயே வாழ்ந்து, முதிராத கலங்களை அளவின்றிப் பெருகச் செய்வதால் சுவர் தடிக்கிறது. தீனியின் சத்தை உறிஞ்ச வேண்டிய குடல், இரத்தத்தில் உள்ள புரதத்தையும் கசியவிடுகிறது. நீர்வீக்கம் அதனால்தான் வருகிறது. கழிச்சல் இல்லாமலும் இந்நோய் இருக்கக்கூடும் என்பதையும், சாதாரண வளர்ப்பு ஊடகத்தில் இக்கிருமி வளராது என்பதால் வழமையான சாணப் பரிசோதனை இதைக் காட்டாது என்பதையும் அவர் பொறுமையாகச் சொன்னார். சல்மொனெல்லா என்னும் குடல் கிருமியையும் புழு முட்டைகளையும் விலக்குவதற்காகச் சாணத்தையும் தனியே சோதிக்க அனுப்பினார்.

மருந்துத் தேர்வில் அவர் காட்டிய நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். இந்நோய்க்கு எரித்ரோமைசின், ரிஃபாம்பிசின் என்னும் இரு கிருமிக்கொல்லி மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை உண்டு. ஆனால் எரித்ரோமைசின் பெறும் குட்டிகளுக்கு வெயிலில் உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்கு உயரலாம். குட்டியின் வாயிலோ தீனித்தொட்டியிலோ எஞ்சிய மருந்தைத் தாய்க்குதிரை நக்கினாலும் அதற்குக் கடும் கழிச்சல் வரலாம். கச்சான் காற்று அனலாய் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் திருகோணமலையில் அந்த மருந்தைத் தொடப்போவதில்லை என்று சொல்லி, ஒக்ஸிடெட்ராசைக்கிளின் என்னும் வேறொரு கிருமிக்கொல்லி மருந்தைச் சேலைனில் கலந்து மிக மெதுவாக நரம்பில் ஏற்றினார். ஏற்றி முடியும்வரை அவசரமே காட்டவில்லை. சில நாட்களின் பின் அதே வகையைச் சேர்ந்த வாய்வழி டொக்ஸிசைக்கிளினுக்கு மாற்றினார். உடல் எடையில் கிலோகிராமுக்கு 10 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரு வேளை என்பதால், ஏறக்குறைய 90 கிலோகிராம் எடையுள்ள எங்கள் குட்டிக்கு ஒரு வேளைக்கே 100 மில்லிகிராம் கப்சியூல்கள் ஒன்பதை உடைத்துச் சீனிப்பாணியில் குழைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சினால் கடைவாயில் விட வேண்டியிருந்தது. டொக்ஸிசைக்கிளினைக் குதிரையின் நரம்பில் ஏற்றினால் அது விழுந்து இறந்துபோகக்கூடும் என்பதால், மருந்துப் பொதியின் மேல் "வாய்வழி மட்டும்" என்று சிவப்பு மையில் பெரிதாக எழுதித் தந்தார். அவர் இல்லாத வேளையில் வேறொருவர் மருந்து கொடுக்க நேர்ந்தாலும் தவறு நிகழக்கூடாது என்ற அந்த முன்யோசனையைப் பணம் வாங்கும் எல்லாரிடமும் எதிர்பார்க்க முடியாது.

இச்சேவையின் உண்மையான பெறுமதி அதற்குப் பின்னர்தான் தெரிந்தது. குட்டி விரைவிலேயே தீனி எடுக்கத் தொடங்கியது, காய்ச்சலும் விட்டது. அந்தக் கட்டத்தில் மருந்தை நிறுத்திவிட்டுக் கணக்கை முடிக்கும் வைத்தியர்கள் பலர். இவரோ, பார்வைக்குக் குணமான பிறகும் புரதம் மீளப் பல வாரங்கள் செல்லும் என்று சொல்லி, மூன்று வாரத்துக்குக் குறையாமல் மருந்தைத் தொடரச் செய்து, இடையிடையே வந்து அதே மானியில் துளி விட்டுப் பார்த்தார். கோடு மேலேறுவதை நாங்களே கண்ணால் கண்டோம். புரதம் மேலும் விழுந்தால் பிளாஸ்மா எனப்படும் இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை ஏற்ற வேண்டிவரும், அது தம்மால் இயலாது, ஹபரணை, தம்புள்ளை வழியாகப் பேராதனைக் கால்நடைப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல ஆயத்தமாக இருங்கள் என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தார். தம் எல்லையை மறைக்காத வைத்தியரிடம் விலங்கை ஒப்படைப்பதில் ஒரு மனநிம்மதி உண்டு. நோயுற்ற குட்டியைப் பிரித்துக் கட்டவும், தீனியைத் தரையில் போடாமல் உயர்த்திய தொட்டியில் வைக்கவும், எலியும் காட்டுப்பன்றியும் அண்டாதபடி வேலியைச் சீர்செய்யவும் அவர் சொன்னவை செலவில்லாத அறிவுரைகள். தடுப்பு மருந்து பற்றிக் கேட்டபோது, பன்றிகளுக்கென ஆக்கப்பட்ட உயிருள்ள தடுப்பு மருந்தொன்றை வெளிநாடுகளில் குட்டிகளுக்கு மலவாய் வழியாகச் செலுத்துகிறார்கள் என்றும், தம்மிடம் அது இல்லை என்றும் நேராகவே பதிலளித்தார்.

குறைகளும் உண்டு. அவரிடம் ஸ்கேன் கருவி இல்லை. சிறுகுடலின் சுவர் 3 மில்லிமீற்றருக்கு மேல் தடித்திருப்பதைக் கண்டிருந்தால் நோயை இன்னும் உறுதியாகச் சொல்லியிருக்கலாம்; இருந்ததைக் கொண்டு, வயதையும் வீக்கத்தையும் புரதத்தையும் பொருத்திப் பார்த்தே முடிவெடுக்க வேண்டியிருந்தது. கட்டணம் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தோடு ஒப்பிட முடியாத அளவுக்கு அதிகம். ஒவ்வொரு வருகைக்கும் தூரத்துக்கேற்ற பயணச் செலவு தனியாகச் சேரும். இரவில் அழைத்தால் தொலைபேசியில் ஆலோசனை மட்டுமே கிடைக்கும். குட்டி வைத்திருப்பவர்கள் வீக்கம் தோன்றும்வரை காத்திராமல், பால் மறக்கும் மாதத்திலேயே அவரை ஒருமுறை அழைத்து இரத்தப் புரதத்தைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. அந்த ஒரு சோதனைக்கு மட்டும் வந்தால் பாதிக் கட்டணமே வாங்குகிறார், காலை ஏழு மணிக்கு முன் அழைத்தால் பெரும்பாலும் அன்றே வந்துவிடுகிறார்.