ஏசி கம்ப்ரசர் சத்தம்: மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் வாங்கலாமா?

காரில் இன்ஜினோடு ஓடும் ஏசி கம்ப்ரசர் பக்கம் லேசாகக் கரகரத்தால் போதும், "கம்ப்ரசர் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்று பல ஒர்க்‌ஷாப்புகளில் சொல்லிவிடுவார்கள். கழற்றிப் பார்த்தால் புல்லி பேரிங்கோ, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோதான் சத்தம் போட்டிருக்கும். பேரிங் என்றால் நூறுகளில் முடியும், கம்ப்ரசர் என்றால் ஆயிரங்களில் போகும். இரண்டில் எது என்று பிரித்தறிய உதவும் மலிவான கருவிதான் மெக்கானிக் ஸ்டெதஸ்கோப். ஐநூறு ரூபாய் சுற்றில் கிடைக்கிறது.

பார்க்க டாக்டர் வைத்திருப்பது போலவே இருக்கும். நெஞ்சில் வைக்கும் வில்லைக்குப் பதில் சின்ன உலோக டிரம், அதில் திருகி மாட்டும் நீளமான ஸ்டீல் கம்பி. கம்பி நுனி தொடும் இடத்தின் அதிர்வு டிரம்முக்குள் இருக்கும் மெல்லிய தகடு வழியாகக் காதுக்கு வரும். நீளமான ஸ்குரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்துக் கேட்பதும் இதே வேலைதான். ஆனால் ஸ்குரூடிரைவர் என்றால் தலையையே பெல்ட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். ஸ்டெதஸ்கோப் தலையைத் தூரத்தில் வைக்கிறது. அதற்காகவே காசு கொடுக்கலாம்.

காதில் மாட்டுவதற்கு முன் ஏசி சுவிட்சை வைத்தே பாதி சங்கதி தெரிந்துவிடும். மேக்னட் கிளட்ச் உள்ள கம்ப்ரசரில், இன்ஜின் ஓடும்வரை புல்லி எப்போதும் சுற்றும். ஏசி போட்டால்தான் கிளட்ச் தட்டு "டக்" என்று ஒட்டி உள்ளே இருக்கும் ஷாஃப்ட்டைச் சுற்றும். ஆகவே ஏசி அணைத்திருக்கும்போதும் உய்ங் என்று இழுக்கிற சத்தம் இருந்தால், சந்தேகம் புல்லி பேரிங் மீதோ, அதே பெல்ட்டில் ஓடும் ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் புல்லி), டென்ஷனர், ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் மீதோ போக வேண்டும். ஏசி போட்டதும் புதிதாகச் சத்தம் எழுந்தால் கிளட்ச், கம்ப்ரசரின் உள்பாகம், பெல்ட் நழுவல் ஆகியவற்றைப் பார்க்கலாம். ஏசி போட்டதும் இருந்த சத்தம் குறைந்தால் பெரும்பாலும் புல்லி பேரிங்தான். கிளட்ச் ஒட்டியபின் புல்லியும் ஷாஃப்ட்டும் ஒன்றாகச் சுற்றுவதால் பேரிங்கின் ஆட்டம் கொஞ்சம் அடங்கும்.

இனி கம்பியை எங்கே வைப்பது? சுற்றுகிற எதிலும் வைக்கக் கூடாது. கம்ப்ரசரின் மூக்குப் பகுதி, அதாவது புல்லிக்குப் பின்னால் அசையாமல் இருக்கும் முன் ஹவுசிங்கில் ஒரு தடவை, பின்பக்கத்தில் ஒரு தடவை, பிறகு டென்ஷனரின் நடு போல்ட்டில், ஆல்டர்னேட்டர் உடம்பில் என்று கேட்டு ஒப்பிட வேண்டும். மூக்கில் மணலை அரைப்பது போலக் கேட்டு, பின்பக்கத்தில் மிருதுவாக இருந்தால் பேரிங். பின்பக்கத்தில் ஒரே தாளத்தில் டொக் டொக் என்று அடித்தால் உள்ளே பிஸ்டனோ, அதை முன்னும் பின்னும் தள்ளும் ஸ்வாஷ் தட்டோ தேய்ந்திருக்கலாம். கிளட்ச் ஒட்டும் நொடியில் மட்டும் கிரீச் என்று கேட்டால், கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே உள்ள கிளட்ச் இடைவெளியை அளக்க வேண்டும். பல கம்ப்ரசர்களில் அது 0.3 முதல் 0.8 மி.மீ.க்குள் இருக்கும். சரியான அளவு அந்தக் காரின் சர்வீஸ் மேனுவலில் உண்டு. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை ஒரே இடத்தில் விட்டுப் பார்த்தால் போதாது, சுற்றி மூன்று இடத்தில் பாருங்கள். கூடுதலாக இருந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய ஷிம் வாஷர் ஒன்றை எடுத்தாலே சரியாகிவிடும் சமயங்களும் உண்டு.

இந்தக் கருவி ஏமாற்றும் இடங்களும் இருக்கின்றன. கம்ப்ரசரும் ஆல்டர்னேட்டரும் ஒரே பிராக்கெட்டில் இருந்தால், ஒன்றின் சத்தம் மற்றதில் அப்படியே கேட்கும். அப்போது பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்ப்பதுதான் தீர்ப்பு. கரகரப்பும் ஆட்டமும் விரலுக்குத் தெரியும். பெல்ட் கீச்சிடுகிறதா என்று தெரிய ஸ்டெதஸ்கோப்பே வேண்டாம். ஓடும் பெல்ட்டின் உள்பக்க வரிகளில் தூரத்திலிருந்து கொஞ்சம் தண்ணீர் தெளித்தால், சத்தம் சற்று நேரம் அடங்கினால் புல்லி கோணல், அதிகமானால் பெல்ட் தளர்வு.

அதைவிடப் பெரிய ஏமாற்று, ஏசியில் குளிரூட்டும் கேஸின் அழுத்தம். நல்ல கம்ப்ரசர்கூட அழுத்தம் எகிறினால் முனகும். கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் ஃபேன் ஓடாவிட்டாலோ, கேஸ் அளவுக்கு மேல் ஏற்றப்பட்டிருந்தாலோ, சிஸ்டத்தில் காற்று புகுந்திருந்தாலோ இப்படி ஆகும். ஸ்டெதஸ்கோப்பில் கேட்டால் உள்ளே தேய்ந்தது போலவே இருக்கும். கேஸ் அழுத்தத்தைக் காட்டும் இரட்டை மீட்டரான மேனிஃபோல்ட் கேஜ் மாட்டினால்தான் உண்மை தெரியும். ஆர்134ஏ கேஸ் உள்ள காரில் இன்ஜினை நிறுத்திச் சூடு ஆறியபின், 30 டிகிரி வெப்பநிலையில் இரண்டு கேஜும் சுமார் 97 பிஎஸ்ஐ காட்டும். காற்று கலந்திருந்தால் அதைவிடக் கூடும். திரவக் கேஸ் இருக்கும்வரை இந்த அளவு மாறாது என்பதால், எவ்வளவு கேஸ் இருக்கிறது என்பதை இதை வைத்துச் சொல்ல முடியாது. கேஸை முழுதும் எடுத்து, வேக்குவம் போட்டு, பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்கில் எடை போட்டு ஏற்றுவதே முறை. கேஸ் குறைவும் ஆபத்துதான். கேஸோடு சேர்ந்துதான் ஆயில் திரும்பி வரும். கேஸ் கசிந்தால் கம்ப்ரசர் வறண்டு தேயும்.

பேரிங் என்று உறுதியானால், முன்னால் இடம் இருக்கும் கார்களில் கேஸை எடுக்காமலே மாற்றலாம். நடு போல்ட், கிளட்ச் தட்டு, சர்க்ளிப் (பூட்டு வளையம்), புல்லி என்று கழன்று வரும். புதிய பேரிங்கைப் புல்லிக்குள் ஏற்றும்போது வெளி வளையத்தில் மட்டுமே பிரஸ் அழுத்த வேண்டும். உள் வளையத்தில் சுத்தியால் தட்டி ஏற்றிய பேரிங் சீக்கிரமே மறுபடி கத்தும். அளவு பேரிங்கின் ஓரத்தில் பொறித்திருக்கும். 35×55×20 மி.மீ. போன்ற இரட்டை வரிசைப் பேரிங்குகள் இதற்கென்றே வருகின்றன. தடிப்பு குறைந்த ஒற்றை வரிசைப் பேரிங்கை மாட்டிவிட்டால் புல்லி சாய்ந்து மேக்னட் காயிலை உரசும்.

கருவியின் குறைகள்: மலிவானவற்றில் கம்பியின் மரை தளர்ந்திருக்கும், கம்பியே கடகடத்துப் புதுச் சத்தம் போடும். டெஃப்லான் டேப் இரண்டு சுற்று சுற்றினால் சரி. பல கார்களில் கம்ப்ரசர் இன்ஜினுக்குக் கீழே இருப்பதால் குட்டைக் கம்பி எட்டாது, கூடவே நீட்டிப்புக் கம்பி வருகிற செட்டாக வாங்குங்கள். காது நுனிகள் கடினமாக இருந்தால் பத்து நிமிடத்தில் வலிக்கும். ரப்பர் குழாய் தொங்கவே கூடாது. ஏசி போட்டிருக்கும்போது ரேடியேட்டர் ஃபேன் எந்த நொடியும் தானாகக் கிளம்பும். துப்பட்டா, செயின், தளர்ந்த சட்டைக் கை எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

கிளட்ச் இல்லாத கம்ப்ரசரில் "டக்" சத்தம் வராது. ஏசி அணைத்தாலும் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதால் மேலே சொன்ன சுவிட்ச் சோதனை அங்கே எடுபடாது. ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற கேபிள் போகும் கம்ப்ரசர் உயர் வோல்டேஜில் ஓடுகிறது. அங்கே இந்தக் கம்பியை நீட்டவே வேண்டாம்.