ஜார்ஜெட் சென்னா, அம்ரிதா ஷெர்-கில்லா?

பெண் ஓவியர் ஒருவரைப் பற்றிப் பள்ளி ஒப்படைப்பு எழுத வேண்டும் என்றால், நம் பிள்ளைகள் யாரை எடுக்கலாம்: சிங்கப்பூரின் ஜார்ஜெட்டையா, இந்தியாவின் அம்ரிதாவையா?

நேரில் பார்க்க: ஜார்ஜெட் பக்கத்திலேயே இருக்கிறார். சிட்டி ஹால் எம்ஆர்டியில் இறங்கினால் நேஷனல் கேலரி நடை தூரம்தான். 1946 வாக்கில் அவர் வரைந்த தன்னுருவப் படம் அதன் சேகரிப்பில் உள்ளது. அம்ரிதாவுக்கு டில்லி போக வேண்டும்.

எதிர்கொண்ட தடை: இங்கேதான் நிறைய எழுதலாம். ஜார்ஜெட் 1930இலேயே பாரிஸின் புகழ்பெற்ற இலையுதிர்கால ஓவியக் கண்காட்சியில் (சலோன்) இடம்பிடித்தவர். ஆனாலும் அவர் பெயரோடு 'சீன அமைச்சர் யூஜின் சென்னின் மனைவி' என்பதும் ஒட்டிக்கொண்டே வருகிறது. சீன, மேற்கத்தியப் பாணிகளைக் கலந்து தென்கிழக்காசிய வாழ்வை வரையும் நன்யாங் ஓவியம் என்றாலும், 1952இல் பாலித் தீவுக்கு வரையப் போன நான்கு ஆண் ஓவியர்களின் பெயர்கள்தான் முதலில் வாயில் வருகின்றன. நன்யாங் நுண்கலைக் கழகத்தில் 1954 முதல் பல தலைமுறைகளுக்குக் கற்பித்தவருக்கு இது நியாயமே இல்லை. சிங்கப்பூரின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கம் 1982இல்தான் கிடைத்தது.

அம்ரிதா பெண்ணுடலைப் பெண்ணின் பார்வையில் வரையத் துணிந்தவர். 'இளம் பெண்கள்' ஓவியத்துக்கு 1933இல் பாரிஸில் தங்கப் பதக்கம் பெற்றார். 28 வயதில் மறைந்தார்.

தமிழ்த் தொடர்பு: அம்ரிதாவே. 1937இல் தென்னிந்தியக் கிராமத்தாரை வரைந்தார். ஜார்ஜெட்டின் ஓவியங்களில் ரம்புத்தானும் சத்தே விற்கும் பையனும் உண்டு.

சரி, படத்தின் முன் நின்று குறிப்பெடுக்க விரும்பும் பிள்ளைக்கு ஜார்ஜெட். துணிச்சலைப் பற்றி வாதம் செய்ய ஆசைப்படுபவளுக்கு அம்ரிதா.