டாஸ் வென்றால் பேட்டிங்கா, பீல்டிங்கா? குமரி மாவட்ட மைதானங்களை வைத்து ஓர் அலசல்

டாஸ் வென்ற அணித்தலைவர் குனிந்து ஆடுகளத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியதால், ஊர் ஆட்டங்களிலும் நாம் அப்படியே செய்கிறோம். நானும் செய்திருக்கிறேன், அழுத்திப் பார்த்த மண் எனக்கு ஒருநாளும் எதையும் சொன்னதில்லை. இந்த மாவட்டத்தில் டென்னிஸ் பந்திலும், ஸ்டிச் பால் என்று நாம் சொல்கிற தையல் போட்ட தோல் கிரிக்கெட் பந்திலும் நீண்ட காலம் ஆடியவன், சில ஆண்டுகள் நாணயம் சுண்டும் பொறுப்பையும் ஏற்றிருந்தவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு, எட்டு, பத்து ஓவர் ஆட்டங்களில் முதலில் பீல்டிங் எடுப்பதே பெரும்பாலும் நல்லது. இருபது ஓவருக்கும் அதற்கு மேலும் போகும் ஸ்டிச் பால் ஆட்டங்களில் முதலில் பேட்டிங் எடுப்பது நல்லது. இரண்டுக்கும் விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை பிட்சிலிருந்து வருபவை அல்ல.

எட்டு ஓவர் என்றால் 48 பந்துகள், கையில் 10 விக்கெட்டுகள். ஐந்து பந்துக்கு ஒருவர் ஆட்டமிழந்தாலும் அணி முழுவதும் சுருண்டுவிடாது. ஆகவே அங்கே விக்கெட் பஞ்சமில்லை. எத்தனை ஓட்டம் அடித்தால் போதும் என்ற தகவலுக்குத்தான் பஞ்சம். முதலில் ஆடும் அணி 60 போதுமா, 80 வேண்டுமா என்று தெரியாமல் அடிக்கிறது. இரண்டாவது ஆடும் அணிக்கு அந்தக் கணக்கு கையிலேயே இருக்கிறது. வெளியூர் அணிக்கு இது இன்னும் பொருந்தும். நம்மூர் மைதானங்களில் ஒரு பக்கம் எல்லைக்கோடு நாற்பது அடி வைப்பில் தென்னந்தோப்பில் முடியும், மறுபக்கம் குளத்தங்கரை வரை நீளும். பந்து மரத்தில் பட்டால் இரண்டு ஓட்டம், இன்னார் வீட்டு மதிலைத் தாண்டினால் அவுட் என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தனிச்சட்டம் இருக்கும். அந்தச் சட்டங்களை முதலில் ஆடும் வெளியூர் அணி தன் விக்கெட்டுகளைக் கொடுத்துத்தான் கற்றுக்கொள்கிறது. பீல்டிங் எடுத்தால் அதே பாடத்தை உள்ளூர்க்காரர்களே நமக்கு ஆடிக் காட்டிவிடுவார்கள்.

இருபது, இருபத்தைந்து ஓவர் ஸ்டிச் பால் ஆட்டத்தில் கணக்கு தலைகீழாகிறது. 120 பந்துகளுக்கு அதே 10 விக்கெட்டுகள்தான். அதிலும் ஊர் அணி ஒன்றில் ஐந்தாம் இடத்துக்குக் கீழே உண்மையாக மட்டை பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தாலே அதிகம். 130 ஓட்டம் எதிரே நிற்கும்போது, முதல் ஆறு ஓவரில் இரண்டு விக்கெட் போய்விட்டால், தேவைப்படும் ஓட்ட விகிதம் ஏறுகிற ஒவ்வொரு ஓவரும் அடுத்தவரை ஒரு தேவையற்ற ஷாட்டுக்குத் தள்ளுகிறது. தொழில்முறை அணிகள் இந்த நெருக்கடியைப் பயிற்சியால் தாங்குகின்றன. வாரத்துக்கு ஒருநாள் ஆடுகிற கொத்தனாரும் ஆட்டோ ஓட்டுநரும் கல்லூரி மாணவரும் சேர்ந்த அணி அதைத் தாங்குவது அரிது. துரத்துகிற அணிக்குத் தகவல் இருக்கிறது. அதைப் பயன்படுத்த விக்கெட் இருப்பதில்லை.

இதற்குப் பெரிய ஆட்டங்களிலிருந்து சான்று தேடுகிறவர்கள் எந்தப் பக்கத்துக்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 1975 முதல் 1992 வரை நடந்த ஐந்து உலகக் கோப்பை இறுதியாட்டங்களையும் முதலில் பேட் செய்த அணியே வென்றது. 1996இல் லாகூரில் இலங்கை அணித்தலைவர் ரணதுங்கா டாஸ் வென்று ஆஸ்திரேலியாவை ஆடச் சொல்லி, 242 என்ற இலக்கை மூன்றே விக்கெட் இழப்பில் எட்டி அந்த வரிசையை உடைத்தார். 2003இல் ஜோகன்னஸ்பர்கில் கங்குலி அதே முடிவை எடுத்தபோது ஆஸ்திரேலியா இரண்டு விக்கெட்டுக்கு 359 அடித்தது. இந்தியா 125 ஓட்டத்தில் தோற்றது. 2023இல் அகமதாபாத்தில் ஆஸ்திரேலிய அணித்தலைவர் கம்மின்ஸ் இந்தியாவை முதலில் ஆடவிட்டு 240க்குள் மடக்கி, ஆறு விக்கெட்டில் வென்றார். இவற்றில் 1996, 2023 இரண்டும் பகலிரவு ஆட்டங்கள். விளக்கு வெளிச்சத்தில் பனி இறங்கினால் பந்துவீசுகிறவருக்குப் பிடி நழுவும் என்பது அந்த முடிவுகளுக்குள் இருந்த கணக்கு. இரவு முழுக்க விளக்குப் போட்டு நடத்தும் நம் டென்னிஸ் பந்துத் தொடர்களுக்கும் இது பொருந்தும். பனியில் புரண்ட டென்னிஸ் பந்தின் ரோமம் நீர் குடித்துக் கனத்துவிடுகிறது, சுழற்பந்து வீசுகிறவர் பாதி ஆட்டத்தைச் சட்டையில் பந்து துடைப்பதிலேயே கழிக்கிறார். இரவாட்டத்தில் நான் யோசிக்காமல் பீல்டிங் எடுத்துவிடுவேன்.

இப்போது விதிவிலக்குகளுக்கு வருகிறேன். இவற்றில் முதன்மையானது, யார் வந்திருக்கிறார்கள் என்பது. ஆட்டம் தொடங்குவதற்கு முப்பது நிமிடத்துக்கு முன்னதாக இல்லாமலும், பதினைந்து நிமிடத்தைத் தாண்டாமலும் டாஸ் போடவேண்டும் என்று கிரிக்கெட் விதிகள் சொல்கின்றன. முடிவைச் சொல்லிவிட்டால் மாற்ற முடியாது என்றும் சொல்கின்றன. இரண்டாவது விதியை மட்டும் நம்மூர் நடத்துநர்கள் அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறார்கள். ஞாயிறு காலை எட்டரைக்கு டாஸ் என்றால், நம் மாவட்டத்தில் அணியில் பாதிப் பேர் ஆராதனையிலோ திருப்பலியிலோ இருப்பார்கள். ஏழு பேரை வைத்துக்கொண்டு பீல்டிங் எடுத்தால் ஒவ்வொரு இடைவெளியும் நான்கு ஓட்டம். ஏழு பேரை வைத்துக்கொண்டு பேட்டிங் எடுத்தால் களத்தில் இருவர், ஸ்கொயர் லெக்கில் அம்பயராக ஒருவர், நோட்டுப் புத்தகத்துடன் ஒருவர், மீதி மூவர் தோப்பு நிழலில். ஒரு குறையும் வெளியே தெரியாது. இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. எட்டு ஓவர் ஆட்டம் ஒன்றில், குறைந்த ஓவரில் துரத்துவதே நல்லது என்ற என் கொள்கையை விடாமல் எட்டுப் பேருடன் பீல்டிங் எடுத்தேன். நான்காவது ஓவரில் எங்கள் முக்கியமான பௌலர் கோயிலுக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையை மடித்துவிட்டபடி பைக்கிலிருந்து இறங்கியபோது ஸ்கோர் 41. அவர் வீசிய இரண்டு ஓவரில் ஒன்பது ஓட்டம்தான் போனது என்பதை அன்று மாலைவரை எல்லோரும் எனக்கு நினைவூட்டிக்கொண்டிருந்தார்கள். அதன்பிறகு டாஸுக்குப் போகுமுன் நான் முதலில் எண்ணுவது தலைகளைத்தான்.

பிட்சைப் பற்றிச் சொல்லவேண்டியது இதைவிடக் குறைவு. நாஞ்சில் நாட்டுப் பக்கம் கும்பப்பூ நெல் அறுவடை முடிந்தபின் காய்ந்த வயல்களே மைதானமாகின்றன. களிமண் வெடிப்பில் விழுந்த பந்து எந்தப் பக்கம் போகும் என்று வீசியவருக்கும் தெரியாது. கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண் தரையோ சரளையுடன் இறுகிக் கிடக்கும். இரண்டிலும் பிட்ச் தேய்வது உண்மை. ஆனால் ஒரே நாளில் ஐந்து ஆட்டம் நடக்கும் தொடரில் அந்தத் தேய்வு நாள் முழுவதற்கும் பரவிவிடுகிறது. ஓர் ஆட்டத்தின் முதல் 48 பந்துக்கும் அடுத்த 48 பந்துக்கும் நடுவே பெரிய மாற்றம் ஏற்பட இடமில்லை. கயிற்றுப் பாய் விரித்து ஆடினால் அந்தக் கவலையும் இல்லை. பிட்சைவிடப் பந்தை விசாரிப்பது பயனுள்ளது. இரண்டு இன்னிங்ஸுக்கும் ஒரே டென்னிஸ் பந்து என்று நடத்துநர் சொன்னால், இரண்டாவது இன்னிங்ஸில் அது வழுக்கையாகி, அமுங்கி, ஓங்கி அடித்தாலும் எல்லைக்கோட்டுக்கு முன்னால் விழும். அப்போது முதலில் பேட் செய்யவேண்டும்.

காற்றும் வெயிலும் தனியாகப் பேசவேண்டியவை. டென்னிஸ் பந்தின் எடை 60 கிராமுக்கும் சற்றுக் குறைவு. கிரிக்கெட் பந்து ஏறத்தாழ 160 கிராம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் காற்றில், காற்றாலைகளுக்கு அருகே டென்னிஸ் பந்தில் ஆடியவர்களுக்கு இதன் பொருள் தெரியும்: எதிர்க்காற்றில் தூக்கி அடித்த பந்து மட்டையாளரின் தலைக்கு மேலேயே திரும்பி வருவதுபோல் இருக்கும். ஆயினும் அங்கே காற்று நாள் முழுவதும் ஒரே திசையில் அடிப்பதால் இரு அணிகளுக்கும் அது சமம், டாஸில் அதற்கு இடமில்லை. குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோரங்களில்தான் முடிவு மாறுகிறது. காலையில் அடங்கிக் கிடக்கும் காற்று, வெயில் ஏற ஏறக் கடலிலிருந்து கிளம்புகிறது. நேரத்தை மிச்சப்படுத்த ஒரே முனையிலிருந்து பந்துவீசும் வழக்கம் நம்மிடம் இருப்பதால், மட்டையாளர் கடலைப் பார்த்து நிற்கும்படி அந்த முனை அமைந்துவிட்டால், பத்து மணி ஆட்டத்தில் இரண்டாவதாக ஆடுகிற அணி முழு இன்னிங்ஸையும் எதிர்க்காற்றில் ஆடவேண்டியிருக்கும்.

மாலை ஆட்டத்தில் காற்றின் இடத்தைச் சூரியன் பிடித்துக்கொள்கிறது. தோப்புகளுக்கு நடுவே கிடைத்த இடத்தில் பிட்ச் போடுவதால் பல மைதானங்களில் அது கிழக்கு மேற்காகவே அமைந்திருக்கிறது. நாலே முக்காலுக்குத் தொடங்கும் எட்டு ஓவர் ஆட்டத்தில் முதல் இன்னிங்ஸ் முடிய ஐந்தரை ஆகும். மேற்கு பார்த்து நிற்கும் இரண்டாவது அணியின் மட்டையாளருக்குப் பந்து சூரியனுக்குள்ளிருந்து வரும். ஜூலையில் அஸ்தமனம் 6.40ஐ ஒட்டி இருப்பதால் சமாளிக்கலாம். நவம்பரில் ஆறு மணிக்கே சூரியன் போய்விடுகிறது. தென்னை நிழல் அதற்கும் முன்பே பிட்சை மூடிவிடும். நாளின் கடைசி ஆட்டம் என்றால் என் குறுகிய ஓவர் விதியை மறந்துவிட்டு முதலில் பேட்டிங் எடுப்பேன்.

மதியச் சாப்பாட்டைத் தாண்டி நீளும் ஆட்டத்தில் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் உண்டவர்களைப் பீல்டிங்குக்கு அனுப்பக்கூடாது என்பது என் அனுபவம். உச்சி வெயிலில் எதிரணியை ஓடவிடுவதற்காகவே சாப்பாட்டுக்கு முன் பீல்டிங்கை முடித்துக்கொள்கிற தலைவர்களை நான் மதிக்கிறேன்.

மழைதான் மீதி. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. அக்டோபர், நவம்பரில் மதியத்துக்கு மேல் வேளிமலைப் பக்கம் கறுத்தால் ஆட்டம் பாதியில் நிற்பதற்கு வாய்ப்பு அதிகம். மழையால் குறைந்த ஆட்டத்துக்கு இலக்கை மாற்றி அமைக்கும் டக்வொர்த் லூயிஸ் கணக்குப் போட நம்மிடம் ஆளும் இல்லை, அட்டவணையும் இல்லை. பெரும்பாலும் நின்ற ஓவர்வரை இரு அணிகளின் ஸ்கோரை ஒப்பிட்டு முடிவு சொல்லிவிடுகிறார்கள். இழந்த விக்கெட்டுகளை யாரும் எண்ணுவதில்லை. அந்த விதி துரத்துகிற அணிக்கு அள்ளிக்கொடுக்கிறது, ஏனெனில் வானத்தைப் பார்த்துக்கொண்டே முதல் நான்கு ஓவரில் எல்லா விக்கெட்டையும் பணயம் வைத்து அடித்துவிடலாம். வேறு சில ஊர்களில் ஆட்டத்தை ரத்து செய்துவிட்டு மறுபடி நாணயம் சுண்டி வெற்றியாளரை அறிவிப்பார்கள். அங்கே பேட்டிங்கும் பீல்டிங்கும் ஒன்றுதான். எது அந்த ஊர் வழக்கம் என்பதை டாஸுக்கு முன்பே, எதிரணித் தலைவர் பக்கத்தில் நிற்கும்போதே, நடத்துநரிடம் கேட்டு வாய்விட்டுச் சொல்லவைத்துவிடவேண்டும். தூறல் விழுந்தபிறகு கேட்டால் உள்ளூர் அணிக்கு எது சாதகமோ அதுதான் வழக்கம் என்று பதில் வரும்.