வண்டி சூடானால் எடுக்கவில்லையா? மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் பாகம் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்

கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்குள் விடும் பாகம்) உள்ள பழைய கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். நான்கு மாதத்தில் என்னிடமிருந்து 23,500 ரூபாய் போனது. கடைசியில் வண்டியைச் சரிசெய்ய ஆன செலவு 900 ரூபாய். பணத்தைவிட அப்பா இருபத்தைந்து வருடம் பார்த்துப் பார்த்து வைத்திருந்த அசல் கார்புரேட்டர் கையை விட்டுப் போனதுதான் இன்னும் ஆறவில்லை.

வண்டி 1997 மாடல் மாருதி 800. நான் இருப்பது திண்டுக்கல்லில். போன மார்ச்சில் மதுரைக்குப் போய்த் திரும்பும்போது கொடைரோடு சுங்கச்சாவடி தாண்டி டீக்கடையில் ஒரு பத்து நிமிடம் நிறுத்தினேன். திரும்ப வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் (என்ஜினைச் சுற்றிவிடும் மோட்டார்) இழுத்து இழுத்துச் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. அரை மணி நேரம் ஆறவிட்ட பிறகு எடுத்தது. காலையில் குளிர்ந்த வண்டி நன்றாகவே எடுக்கும், ஓடிச் சூடாகி நிறுத்தினால்தான் தகராறு. கூடவே ராத்திரியில் ஹெட்லைட் போட்டு ஓட்டினால் வெளிச்சம் சற்று மங்கலாகத் தெரிந்தது, இரண்டு நாள் எடுக்காமல் விட்டால் பேட்டரி இறங்கிவிடும். இந்த இரண்டையும் தனித்தனிக் கோளாறு என்றுதான் நானும் நினைத்தேன், பட்டறையிலும் அப்படித்தான் சொன்னார்கள். அங்கேதான் எல்லாம் தப்பானது.

பட்டறையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஊருக்குள் நல்ல கூட்டம் வரும் இடம், பேச்சும் மரியாதையாகத்தான் இருந்தது. முதலில் பேட்டரி போய்விட்டது என்றார்கள், 4,200. புதுப் பேட்டரி போட்டு ஒரு வாரம் நன்றாக இருந்தது, அப்புறம் அதே கதை. மறுபடி போனேன். “சார், டைனமோ சார்ஜ் ஏத்துதான்னு பாத்துருவோம்” என்று சொல்லி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றினார் அந்த மெக்கானிக். வண்டி நிற்காமல் ஓடியது. திரும்ப மாட்டினார், திரும்பக் கழற்றினார். என் கண் முன்னால் மூன்று தடவை.

இதை யாரையும் செய்ய விடாதீர்கள். நிஜமான டைனமோ இருந்த காலத்து வண்டிகளில் செய்து பழகிய சோதனை இது. நம் வண்டியில் என்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதை நாம் டைனமோ என்று சொன்னாலும் அது ஆல்டர்னேட்டர். அது சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைச் சட்டென்று பிரித்தால் வோல்டேஜ் ஒரு கணம் எங்கோ எகிறும், உள்ளே இருக்கும் டயோடும் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் அதில் அடிபடும். அதுவரை ஒருநாளும் எரியாத சார்ஜ் விளக்கு அன்று மாலையே டேஷ்போர்டில் எரிய ஆரம்பித்தது. மறுநாள் போனால் “பாத்தீங்களா, நான் சொன்னேன்ல” என்று ரீகண்டிஷன் செய்த ஆல்டர்னேட்டர் ஒன்றை மாட்டி 5,500 வாங்கினார்கள். பழையதைக் கேட்டேன், எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது என்றார்கள்.

அதன் பிறகும் சூட்டில் எடுக்கவில்லை. இந்த முறை கார்புரேட்டர். ஜெட் (பெட்ரோல் போகும் சிறு துளை) தேய்ந்துவிட்டது, பாடி வளைந்துவிட்டது, இனி சர்வீஸ் செய்து பயனில்லை என்று ஒரு புதுசை மாட்டினார்கள், 7,800 ரூபாய். டப்பா மேல் என்ன போட்டிருந்தது என்றுகூட எனக்குக் காட்டவில்லை. லிட்டருக்கு 16 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 11க்கு வந்தது, நிறுத்தினால் பெட்ரோல் வாடை வீட்டுக்குள் வரை வந்தது, சூட்டில் எடுக்காத தொல்லை முன்னைவிட அதிகமானது. அடுத்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றி ஆர்மேச்சர், பிரஷ் என்று 3,400. இதற்கெல்லாம் சேர்த்துக் கூலி 2,600. இவ்வளவு நாளில் ஒரு தடவைகூட ஒருவரும் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வண்டியில் வைத்துப் பார்க்கவில்லை. இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது முக்கியமாக இதைத்தான்.

ஜூலையில் வத்தலக்குண்டு பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போன இடத்தில் வண்டி நின்றுவிட்டது. அங்கே லாரி வேலை பார்க்கும் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து வந்தார்கள். எதையும் கழற்றவில்லை அவர். “தம்பி, ஹெட்லைட்டப் போட்டுட்டு செல்ஃப் அடிங்க” என்றார். அடித்தேன். செல்ஃப் சோம்பலாகச் சுற்றியது, ஆனால் ஹெட்லைட் மங்கவே இல்லை. பேட்டரி இறங்கியிருந்தால் செல்ஃப் இழுக்கும்போது விளக்கு செத்துப்போக வேண்டும். விளக்கு பளிச்சென்று நிற்கிறது என்றால் பேட்டரியில் தெம்பு இருக்கிறது, அது என்ஜினுக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். இத்தனை பாகம் மாற்றியவர்கள் ஒருவருக்கும் தோன்றாத சோதனை, அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அப்புறம் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை என்ஜினின் வெறும் இரும்பிலும் வைத்து என்னை செல்ஃப் அடிக்கச் சொன்னார். 1.8 வோல்ட் காட்டியது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று கேபிளால் கட்டப்பட்டவை, நடுவில் அரை வோல்ட்டுக்கு மேல் வரவே கூடாது, நல்ல வண்டியில் 0.2, 0.3க்குள் இருக்கும். கடைசியாக ஜம்பர் கேபிளில் ஒரு ஒயரை மட்டும் எடுத்து பேட்டரி நெகட்டிவ்விலிருந்து என்ஜினுக்கு நேராக மாட்டிவிட்டார். சாவியைத் திருப்பினதும் அந்தக் கொதிக்கிற வண்டி புது வண்டி மாதிரி விருட்டென்று சுற்றியது.

எர்த் கேபிள்தான் காரணம், அதாவது பேட்டரியின் நெகட்டிவ்வை என்ஜினோடு இணைக்கும் கேபிள். கியர்பாக்ஸ் பக்கம் போல்ட் போட்டிருக்கும் இடத்தில் லக்குக்குள் (கேபிள் நுனியில் இருக்கும் உலோக வளையம்) செம்புக் கம்பிகள் பச்சை பூத்து முக்கால்வாசி அறுந்திருந்தன, மேலே ரப்பர் உறை மட்டும் ஒழுங்காக இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆனால் ஒரு அடையாளம் முன்பே இருந்திருக்கிறது: நீளமாக செல்ஃப் அடித்த பிறகு சோக் கேபிள் (குளிர்ந்த என்ஜினை எடுக்க இழுக்கும் சோக்கின் கம்பி) தொட முடியாத அளவு சுடும். நான் அதை என்ஜின் சூடு என்று விட்டிருந்தேன். எர்த் ஒழுங்காக இல்லாதபோது செல்ஃப் இழுக்கும் கரண்ட் திரும்பிப் போக வேறு வழி தேடி சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போகும், அதனால் வரும் சூடு அது. உங்கள் வண்டியில் இப்படி இருந்தால் அன்றைக்கே எர்த்தைப் பாருங்கள், கேபிள் உள்ளே உருகி ஒட்டிக்கொண்டால் ஓடும் வண்டியில் ஆக்சிலரேட்டர் சிக்கும் ஆபத்து இருக்கிறது.

இந்த ஒரு கேபிள் எப்படி இரண்டு கோளாறாகத் தெரிந்தது என்பதையும் அவரே சொன்னார். ஆல்டர்னேட்டருக்கு எர்த் அதன் உடம்பு வழியாக, அதாவது என்ஜின் வழியாக. என்ஜினுக்கும் பேட்டரிக்கும் நடுவே தடை இருந்தால் ஆல்டர்னேட்டர் முனையில் அளந்தால் 14.2 வோல்ட் இருக்கும், பேட்டரியில் அளந்தால் 12.7தான் வரும். உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் தன் இடத்தில் 14.2 இருப்பதைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொள்ளும். எனவே எத்தனை ஆல்டர்னேட்டர் மாற்றினாலும் பேட்டரி அரைவயிற்றோடுதான் இருக்கும். செல்ஃப் மோட்டாரோ சூடானதும் அதன் சுருளில் தடை கூடி, தெம்பு குறையும். குளிர்ந்த வண்டியில் எப்படியோ தாக்குப்பிடித்தது சூட்டில் முடியாமல் போகிறது. செல்ஃப் இப்படி மூச்சு வாங்கும்போது இக்னிஷன் காயிலுக்குப் போகும் வோல்டேஜும் விழுந்து பிளக்கில் பொறி மெலிகிறது. சூடான கார்புரேட்டர் என்ஜின் எடுக்க நல்ல பொறி வேண்டிய நேரத்தில்தான் இது நடக்கிறது.

சரி, கார்புரேட்டருக்கு இதில் பங்கே இல்லையா என்றால், புதுசை மாட்டிய பிறகு வந்தது. கார்புரேட்டருக்கும் மேனிபோல்டுக்கும் (கலவை என்ஜினுக்குள் போகும் குழாய்) நடுவே சூடு ஏறாமல் தடுக்கத் தடிமனான பேக்கலைட் பீஸ் ஒன்று இருக்க வேண்டும். அதைத் தூக்கிவிட்டுப் பேக்கிங் பேப்பரை வெட்டிப் போட்டிருந்தார்கள். என்ஜினை அணைத்ததும் காற்றோட்டமும் தண்ணீர் ஓட்டமும் நிற்பதால் பானெட்டுக்குள் சூடு முதலில் ஏறத்தான் செய்யும். அந்தச் சூட்டில் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து மேனிபோல்டுக்குள் வழியும். போதாததற்கு மிதவை மட்டமும் உயரமாக வைத்திருந்தது. பெட்ரோல் வாடை அதனால்தான்.

சூட்டில் எடுக்காத வண்டியில் முதலில் மோப்பம் பிடியுங்கள். பெட்ரோல் வாடை அடித்து பிளக் நனைந்திருந்தால் ஓவர்ஃப்ளோ. சோக்கைத் தொடாதீர்கள், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். மிதித்து மிதித்து விடக்கூடாது, ஒவ்வொரு மிதிக்கும் கார்புரேட்டர் இன்னும் கொஞ்சம் பெட்ரோலைப் பீச்சும். வாடையே இல்லை, பிளக் காய்ந்திருக்கிறது என்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை. பைப்பிலோ என்ஜினோடு ஒட்டியிருக்கும் மெக்கானிக்கல் பம்ப்பிலோ பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கலாம், பானெட்டைத் திறந்து வைத்து பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கள். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. 1990களின் ரப்பர் ஹோஸும் பம்ப்புக்குள் இருக்கும் டயாபிரம் என்ற ரப்பர் சவ்வும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, ஹோஸை விரலால் அழுத்தி மெத்தென்று இருந்தால் மாற்றிவிடுங்கள்.

மல்டிமீட்டர் 500 ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒன்று வாங்கி வண்டியிலேயே வையுங்கள். ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது சுமார் 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. என்ஜின் ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் நடுவே. அது வரவில்லை என்றால் அதே அளவை ஆல்டர்னேட்டரின் பெரிய முனைக்கும் அதன் உடம்புக்கும் நடுவே எடுத்துப் பாருங்கள். இங்கே சரியாக இருந்து பேட்டரியில் குறைந்தால் கேபிளும் லக்கும்தான், ஆல்டர்னேட்டரில் கை வைக்கவே வேண்டாம். சாவி போட்டதும் சார்ஜ் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள், அந்த பல்பு போனாலே பல வண்டிகளில் சார்ஜ் ஒழுங்காகத் தொடங்காது.

எனக்குப் புது எர்த் கேபிள், லக், பேக்கலைட் பீஸ், இரண்டடி ஹோஸ், அவர் கூலி எல்லாம் சேர்த்து 900. மிதவை மட்டத்தையும் அவரே இறக்கிக் கொடுத்தார். மைலேஜ் 14 வரை ஏறியிருக்கிறது, அதற்கு மேல் இந்தக் கார்புரேட்டரில் வராது என்கிறார்.

பட்டறைக்குத் திரும்பப் போய் அமைதியாகத்தான் கேட்டேன். “பழைய வண்டி சார், ஒண்ணு போனா ஒண்ணு போகும்” என்றார்கள். பில் கேட்டதற்கு ‘எலக்ட்ரிக்கல் வேலை’ என்று எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று கிடைத்தது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயார் செய்கிறேன். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. யுபிஐயில் பணம் கட்டியதால் தேதியும் தொகையும் கையில் இருக்கிறது, ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அதுவும் இருக்காது. வேலைக்கு விடும்போதே கழற்றும் பழைய பாகம் எல்லாம் எனக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

அப்பாவின் கார்புரேட்டரை ஸ்கிராப்பில் போட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை, அசல் கார்புரேட்டரைத் தேடி அலைகிற ஆட்கள் நிறைய, யாரும் அதைக் கிலோ கணக்கில் போடமாட்டார்கள். மிக்சர் ஸ்க்ரூ பக்கத்தில் மஞ்சள் பெயிண்டில் அப்பா ஒரு சின்னக் கோடு இழுத்து வைத்திருப்பார், ஸ்க்ரூ எங்கே நிற்க வேண்டும் என்பதற்காக. திண்டுக்கல், மதுரை பக்கம் பழைய ஸ்பேர் கடைகளில் அப்படி ஒன்று கண்ணில் பட்டால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள், கேட்கிற விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.